திறக்கிற சத்தம்

பூட்டைத் திறக்கிற சத்தத்தைக் கேட்டு மனம் லேசாகிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்று சொன்னபோது என் அண்ணன் சிரித்தான். "இத எவன் கேப்பான்? வேல வெட்டி இல்லாதவனா?" என்றான். வேலை வெட்டி இருப்பவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். அதை அவனிடம் சொல்லிப் புண்ணியமில்லை என்று விட்டுவிட்டேன்.

அவர்களுக்காகத்தான் நான் வீடியோ போடுகிறேன். என் முகம் தெரியாது, பேச்சும் கிடையாது. மேசை மேல் ஒரு துணி, துணி மேல் ஒரு பூட்டு, என் இரண்டு கைகள், பக்கத்தில் ஒரு மைக். சாவி இல்லை. ஒரு கம்பி பூட்டை லேசாகத் திருகிப் பிடித்துக்கொள்ளும். நுனி வளைந்த இன்னொரு கம்பி உள்ளே போய்த் துழாவும். பூட்டுக்குள்ளே குட்டிக் குட்டிக் குச்சிகள் வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு ஸ்பிரிங். ஒரு குச்சியை அதற்கு வேண்டிய உயரத்துக்குத் தள்ளினால் 'டிக்' என்று சொல்லும். எல்லாக் குச்சிகளும் சொல்லி முடித்ததும் பூட்டு 'டொக்' என்று வழிவிடும். அவ்வளவுதான் வீடியோ. இந்த மாதிரி சத்தங்களுக்கு ஏ.எஸ்.எம்.ஆர். என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் நான் வைத்ததில்லை, திட்டுவதென்றால் வேறு யாரையாவது திட்டுங்கள்.

இதில் அப்படி என்ன இருக்கிறது என்று நீங்களும் கேட்பீர்கள். மழைச் சத்தம் இல்லையா, அலைச் சத்தம் இல்லையா என்பீர்கள். மழை நான் இருந்தாலும் பெய்யும், செத்தாலும் பெய்யும். பூட்டு அப்படியில்லை, கேட்டால் பதில் சொல்லும். நாளெல்லாம் யார் யாரிடமோ தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசி ஒன்றும் நடக்காமல் வீட்டுக்கு வருகிற ஒருத்தருக்கு, ஓர் இரும்புத் துண்டு சின்னக் குரலில் 'சரி, இது ஆச்சு, அடுத்தது?' என்று சொன்னால் எப்படி இருக்கும்? பிடரி சிலிர்க்கும், இறுகிக் கிடந்த தோள் தானாக இறங்கும். அடிக்கவில்லை, உடைக்கவில்லை, கெஞ்சவில்லை. காது கொடுத்தோம், அது இறங்கி வந்தது. மனிதர்களிடம் இது நடப்பதில்லை என்பதால்தான் பூட்டுகளிடம் போகிறோம்.

என் கதையும் அதுதான். எனக்கு வலிப்பு வரும். வந்துகொண்டிருந்தது என்று சொல்ல வேண்டும், மாத்திரை ஒத்துக்கொண்ட பிறகு வரவே இல்லை. கடைசியாக வந்தபோது எங்கள் கட்டடத்தின் மாடிப்படியில் விழுந்தேன். தாடை கிழிந்தது. ஊருக்கெல்லாம் லிஃப்ட் பழுது பார்க்கிறவன் என் அண்ணன், அவன் குடியிருப்பதோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடி. அன்றைக்கு அவன்தான் என்னைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினான். சட்டையெல்லாம் என் ரத்தம். அந்தச் சட்டையை அண்ணி எத்தனை முறை தூக்கிப் போடப் பார்த்தும் அவன் விடவில்லை. இதையெல்லாம் நான் மறந்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அதற்கப்புறம்தான் அவன் வெளியே போகும்போது வாசல் கதவைப் பூட்ட ஆரம்பித்தான். அண்ணி சலவைக் கடையில் இஸ்திரி பிரிவில் இருக்கிறாள். காலையில் இருவரும் ஒன்றாகக் கிளம்புவார்கள். வெளியிலிருந்து சாவி இரண்டு சுற்றுச் சுற்றும். கடக், கடக். உள்பக்கமும் சாவி போட்டால்தான் திறக்கிற பூட்டு அது. என் சாவியை அவன் தன் வளையத்தோடு சேர்த்துக்கொண்டான். முதலில் நானும் ஒத்துக்கொண்டேன். பயந்து கிடக்கிறவளுக்குப் பூட்டு ஒரு போர்வை மாதிரி. போர்வையைக் காய்ச்சல் விட்ட பிறகும் போர்த்திக்கொண்டிருந்தால் புழுங்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. டாக்டர் சொல்லிவிட்டார்: மாத்திரையை விடாதீங்க, தனியா நீந்தாதீங்க, மத்தபடி உங்க வேலையப் பாருங்க. அண்ணன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

எனக்கு வயது முப்பத்தாறு. அவனுக்கு நான் இன்னும் 'பாப்பா'.

அந்தப் பகல்களில்தான் பூட்டுச் சத்தங்களைக் கேட்க ஆரம்பித்தேன். கேட்டது போதாமல் கையும் அரித்தது. சலவைக் கடைக்குப் பக்கத்திலிருந்த பழைய இரும்புக் கடையில் அண்ணி எனக்காகச் சாவி தொலைந்த பூட்டுகளைப் பொறுக்கி வருவாள். "இந்தா உன் பொம்மைங்க," என்று மடியில் கொட்டுவாள். அண்ணனும் பார்த்துச் சிரிப்பான். பாப்பா விளையாடுகிறாளாம்.

விளையாட்டுக்கும் சட்டம் உண்டு. இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் எல்லா நாட்டிலும் மதிக்கிற இரண்டு விதிகள்: உனக்குச் சொந்தமில்லாத பூட்டைத் தொடாதே, உபயோகத்தில் இருக்கிற பூட்டைத் தொடாதே. நானும் இரண்டையும் மதித்தேன். அதனால்தான் பூட்டிய வீட்டுக்குள் உட்கார்ந்து ஊர்ப் பூட்டையெல்லாம் திறந்துகொண்டிருந்தவளுக்கு, வாசல் கதவுப் பூட்டு கண்ணிலேயே படவில்லை. சிரிக்காதீர்கள். தன் முதுகு தனக்குத் தெரியாது.

தெரிய வைத்தது ஒரு ரசிகர். பெயர் தெரியாது, 'பஞ்சுக்காது' என்று வைத்துக்கொண்டிருந்தார். ஆணா பெண்ணா என்றும் தெரியாது. என் வீடியோ ஒன்றையும் விடாமல் கேட்கிறவர். கம்பி வழுக்கினால்கூடக் கண்டுபிடித்து எழுதுவார். இதில் ஊறினவர்களின் காது அப்படி, ஊசி விழுந்தால் எந்த ஊசி என்று சொல்வார்கள். நானும் அவர்களுக்காக ஃபேன் சத்தம், குழாய்ச் சத்தம், தெருச் சத்தம் எல்லாவற்றையும் துடைத்து எடுத்துவிட்டுத்தான் வீடியோவைப் போடுவேன். ஒரு சத்தத்தை மட்டும் எடுக்காமல் விட்டிருந்தேன். அண்ணனும் அண்ணியும் கிளம்பும் நேரத்திலேயே மைக்கைப் போட்டுவிடுவேன், ஆகவே ஒவ்வொரு வீடியோவின் ஆரம்பத்திலும் வாசல் பூட்டு பூட்டப்படுவது தூரத்தில் கேட்கும். கனமான, எண்ணெய் போட்ட பூட்டு. நல்ல சத்தம். பாட்டுக்கு முன்னால் சுருதி சேர்ப்பது மாதிரி இருக்கட்டும் என்று விட்டிருந்தேன். ரசனைக்காரி இல்லையா நான்!

பஞ்சுக்காது ஒரு நாள் எழுதினார்: "ஆரம்பத்துல வர்ற அந்தப் பெரிய பூட்டுச் சத்தம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனா எல்லா வீடியோலயும் அது மூடுற சத்தம் மட்டும்தான் வருது. திறக்கிற சத்தம் ஒன்னுலகூட இல்ல. ஒரு நாள் அதையும் போடுங்களேன்."

கீழே பலர் 'ஆமாம், ஆமாம்' என்று சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் அது என்ன கம்பெனிப் பூட்டு என்று கேட்டிருந்தார். யாருக்கும் ஒன்றும் தெரியாது. நல்ல சாப்பாட்டில் உப்பு குறைவு என்று சொல்வது போலச் சாதாரணமாகத்தான் சொன்னார்கள். எனக்குத்தான் முகத்தில் அறைந்த மாதிரி ஆகிவிட்டது. பழைய வீடியோக்களை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டேன். கடக், கடக். கடக், கடக். என் நாட்கள் எல்லாம் அதற்குள் இருந்தன. அத்தனையும் மூடுகிற சத்தம். அதை நானே சுத்தம் செய்து, மெருகேற்றி, ஊருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

அன்று சாயங்காலம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம்.

"அண்ணா, எனக்கு ஒரு சாவி வேணும்."

"எதுக்கு?"

"சாவி எதுக்குன்னு யாராச்சும் கேப்பாங்களா? கதவத் திறக்கத்தான்."

"எங்க போகணும் சொல்லு பாப்பா. லீவு நாள்ல நானே கூட்டிட்டுப் போறேன்."

"எங்கயும் போக வேணாம். சாவி வேணும்."

அண்ணி தட்டைப் பார்த்துக்கொண்டே, "குடுத்துடுங்களேன். அவ என்ன கொழந்தயா?" என்றாள்.

"நீ சும்மா இரு. அன்னிக்கு அவளப் படிலேர்ந்து தூக்கினது நானா, நீயா?"

"டாக்டரே போகலாம்னுட்டாரு," என்றேன்.

"சொன்னவரு வந்து படில நிப்பாரா? உனக்கு ஒன்னு கெடக்க ஒன்னு ஆச்சுன்னா பதில் சொல்ல வேண்டியது நான்."

"யாருக்கு?"

அவன் தண்ணீர் குடித்தான். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். தவளை தன் வாயால் கெடும்.

"போ. நீ குடுக்காட்டி என்ன? அந்தப் பூட்ட நானே திறந்துப்பேன். டீ ஆறுறதுக்குள்ள திறந்துடுவேன்."

அவன் கையைக் கழுவிக்கொண்டு நேராக என் அறைக்குப் போனான். கம்பிகள் வைத்திருந்த டப்பாவை எடுத்துத் தன் வேலைப் பைக்குள் போட்டான். "ஏதோ பொழுதுபோக்குன்னு விட்டேன். திருட்டு வேலைல கொண்டு வந்து நிறுத்திடுச்சு," என்றான். கோபத்தில் சொல்லவில்லை, வருத்தமாகச் சொன்னான். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. யார் எதைத் திருடினார்கள்? என் வீட்டிலிருந்து நான் என்னை எடுத்துக்கொண்டு போனால் அதற்குப் பெயர் திருட்டா?

மறுநாள் காலை அவர்கள் கிளம்பினார்கள். கடக், கடக்.

மைக்கைப் போடவில்லை. கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து விதிகளை யோசித்தேன். சொந்தமில்லாத பூட்டைத் தொடாதே. இந்த வீட்டை அப்பா எங்கள் இருவர் பேரிலும்தான் எழுதிவைத்துவிட்டுப் போனார். ஆக, பூட்டில் பாதி என்னுடையது. பாதிப் பூட்டை மட்டும் திறக்க வழியில்லை என்பது என் குற்றமா? உபயோகத்தில் இருக்கிற பூட்டைத் தொடாதே. உபயோகம் யாருக்கு? அது என்னைக் காப்பாற்றவா இருக்கிறது, அண்ணனை அவன் பயத்திலிருந்து காப்பாற்றவா? இந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு விதி தானாகவே ஒதுங்கிக்கொண்டது.

கம்பி வேண்டும். கதவுக்குப் பின்னால் என் குடை தொங்கிக்கொண்டிருந்தது. நான் படியில் விழுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஆசையாக வாங்கியது, நனையவே இல்லை. வெளியே போகாதவளுக்குக் குடை எதற்கு? விரித்து, இரண்டு கம்பிகளை முறித்து எடுத்தேன். நகம் தேய்க்கிற அரத்தால் நுனியை ராவி, ஒன்றை வளைத்தேன். அழகாக இல்லை. ஆத்திர அவசரத்துக்கு அழகு எதற்கு?

பூட்டு லேசில் மசியவில்லை. முதல் குச்சி சொன்னது, இரண்டாவது சொன்னது, மூன்றாவது ஒத்துக்கொள்கிற மாதிரி நடித்து ஏமாற்றியது. கையைத் தளர்த்தினால் எல்லாம் விழும், இறுக்கினால் ஒன்றும் அசையாது. மற்ற பூட்டுகளிடம் எனக்கு வருகிற அந்தச் சிலிர்ப்பு, அந்த இதம் எதுவும் வரவில்லை. வியர்த்துக் கொட்டியது. மதியம் தாண்டிய பிறகுதான் 'டொக்' என்று, சாவி நுழைகிற உருளை திரும்பியது. ஒரு முழுச் சுற்று சுற்றினேன். கடக்.

கதவு திறக்கவில்லை. இரண்டு சுற்றுப் பூட்டு என்பதை நான் மறந்தே போயிருந்தேன். ஒரு சுற்று முடிந்ததும் குச்சிகள் எல்லாம் மறுபடி பழைய இடத்தில் விழுந்துவிட்டன. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அங்கேயே உட்கார்ந்து பூட்டை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அண்ணனையும் திட்டினேன். ஒரு சுற்று போதாதாம், அவனுக்கு இரண்டு சுற்றுப் பயம்! திட்டி முடித்ததும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி கம்பிகளை எடுத்தேன். இரண்டாவது முறை அந்த ஏமாற்றுக்காரக் குச்சியின் குணம் எனக்குத் தெரிந்திருந்தது.

கடக்.

அந்தச் சத்தத்தை யாருக்கும் போட்டுக் காட்டப் போவதில்லை. அது என்னுடையது.

திறந்த கதவுக்கு முன்னால் நின்றபோது எனக்குப் பயமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். படிக்கட்டு அதே படிக்கட்டு. ஓடிப் போய்க் கட்டிலில் படுத்துக்கொள்ளலாமா என்றும் தோன்றியது. ஆனால் சாயங்காலம் அவன் வந்து திரும்பவும் பூட்டுவான், நாளைக்கும் பூட்டுவான். திறந்தது மட்டும் போதாது. அண்ணன் வீட்டில் வைத்திருக்கும் கருவிப் பெட்டியிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். கதவின் விளிம்பில் ஒரே ஒரு திருகு, அதைக் கழற்றினால் பூட்டின் உருளை முழுசாகக் கையோடு வந்துவிடும். சாவி போட்டுச் சற்றே திருப்பினால்தான் வரும், எனக்கு அதுவும் குடைக்கம்பிதான். உருளையை உருவி எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன். இவ்வளவு சின்னதா இது என்று ஆச்சரியமாக இருந்தது. கதவு காற்றுக்கு அடித்துக்கொள்ளாமல் இருக்க இடுக்கில் ஒரு பழைய துணியைச் செருகிவிட்டு, கைப்பிடிக் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன்.

தெருமுனையில் இரும்புச் சாமான் கடை. கடைக்காரர் நான் நீட்டிய உருளையை வாங்கி அளவு பார்த்தார்.

"சாவி தொலஞ்சு போச்சாம்மா?"

"தொலையலீங்க. எங்கிட்டேர்ந்து வாங்கி வெச்சுட்டாங்க."

அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் அதே அளவில் புதிது ஒன்றை எடுத்துவைத்தார். உள்ளே வெளியே இரண்டு பக்கமும் சாவி போடுகிற வகை.

"உள்பக்கம் சாவி வேணாம். கையால திருகினா திறக்கிற மாதிரி குடுங்க," என்றேன்.

திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. குடையை அன்று காலையில்தான் முறித்திருந்தேன். தலையிலிருந்து கால்வரை நனைந்தேன். தெருவில் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவரவர் ஒதுங்க இடம் தேடி ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் மெதுவாக நடந்தேன்.

சாயங்காலம் அவர்கள் வந்தார்கள். அதற்கு முன்பே புதுப் பூட்டை மாட்டி, கதவுக்கு உள்பக்கம் மேசையைப் போட்டு, மைக்கைத் தயாராக வைத்திருந்தேன். அண்ணனின் சாவி பூட்டைத் தொட்டது, நுழையவில்லை. மறுபடி முயன்றான்.

"என்னாச்சு?" என்றது அண்ணியின் குரல்.

"சாவி போக மாட்டேங்குது. பாப்பா! பாப்பா! உள்ள இருக்கியா?" கதவு அதிர்ந்தது. அவன் குரலில் கோபம் இல்லை, அந்த ரத்தச் சட்டைக் குரல் அது. உடனே திறந்துவிடத்தான் கை போனது.

"இங்கதான் இருக்கேன். நல்லாத்தான் இருக்கேன். கதவத் தட்டாத, மைக் ஓடுது."

தட்டுவது நின்றது. நான் குமிழைப் பிடித்து நிதானமாகத் திருகினேன். கடக். கொஞ்சம் நிறுத்தினேன். கடக். கதவைத் திறந்தேன்.

அண்ணன் என் ஈரத் தலையைப் பார்த்தான், பூட்டைப் பார்த்தான், தரையில் கிடந்த குடையின் எலும்புக்கூட்டைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"வெளிய போனியா? தனியாவா? விழுந்திருந்தா என்னடி பண்ணிருப்ப?"

"விழுந்திருந்தா யாராச்சும் தூக்கிருப்பாங்க. தெருவுல ஆளுங்க இருக்காங்க. நீ பூட்டிட்டுப் போன வீட்டுக்குள்ள விழுந்திருந்தா என்னை யாருண்ணா தூக்கிருப்பா?"

அவன் கையிலிருந்த பழைய சாவியைப் பார்த்தான்.

"நீ பாக்குற லிஃப்ட்டுலகூட உள்ள மாட்டினவங்களுக்குன்னு ஒரு மணி வெச்சிருக்கீங்க. எனக்கு என்ன வெச்ச?"

அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றி அவன் கதை கதையாகச் சொல்லியிருக்கிறான். கதவு திறந்ததும் முதலில் அவர்கள் செய்வது அழுவதுதான் என்பான். இப்போது அவன் கண்தான் கலங்கியிருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் பாவம் பார்த்துப் பழைய பூட்டைத் திரும்ப மாட்ட முடியாது.

"இந்தா," என்று அவன் கையில் ஒரு சாவியை வைத்தேன். அண்ணிக்கு ஒன்று கொடுத்தேன். மூன்றாவதை அவர்கள் பார்க்கவே என் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டேன். "ஆளுக்கு ஒன்னு. வெளியில பூட்டினாலும் உள்ள கையால திறக்கலாம். மாத்திரைய நான் விட மாட்டேன், போன எடுக்காம இருக்க மாட்டேன். அதுக்கு மேல எதுவும் கேக்காத."

அண்ணி சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, "மொதல்ல தலையத் தொவட்டு," என்றாள். பிறகு புருஷனைத் தாண்டி உள்ளே வந்து, அவன் வேலைப் பையைத் திறந்து, என் கம்பி டப்பாவை எடுத்து மேசை மேல் வைத்தாள். அவன் தடுக்கவில்லை.

அன்றே அந்தக் குமிழ் திறக்கிற சத்தத்தைப் போட்டேன். இரண்டே இரண்டு கடக், நடுவில் ஒரு மூச்சு. நான் போட்டதிலேயே சின்ன வீடியோ அது. அடுத்த நாள், அண்ணன் கதவைப் பூட்டாமல் சும்மா சாத்திவிட்டுப் போன பிறகு, பழைய உருளையைத் துணி மேல் வைத்துத் திறந்து காட்டினேன். இப்போது அது உபயோகத்தில் இல்லாத பூட்டு, விதி மீறவில்லை. அந்த ஏமாற்றுக்காரக் குச்சி மறுபடி தன் வேலையைக் காட்டியது. எனக்குப் பிடரி சிலிர்த்தது, தோள் இறங்கியது.

பஞ்சுக்காது எழுதியிருந்தார்: "அருமை. ஆனா இந்த வீடியோ ஆரம்பத்துல அந்தப் பூட்டு மூடுற சத்தம் வரலையே? மைக் கோளாறா?"

"மைக் நல்லாத்தான் இருக்கு. அது இனிமே வராது," என்று பதில் போட்டுவிட்டு, கழுத்திலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, குடை வாங்கக் கிளம்பினேன்.